உணவு வங்கிக்கு என்ன மளிகை கொடுக்கலாம்? காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் சுற்றுவட்டாரத்தில் மளிகைச் சாமான்களைச் சேர்த்து, தேவைப்படுகிற வீடுகளுக்கு மாதம் ஒருமுறை பை போட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கிறோம். கொடுக்க வருகிறவர்கள் வாசலிலும் போனிலும் கேட்கிற கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். பதில்களில் சில சட்டம், சில எங்கள் வழக்கம், சில என் சொந்த அபிப்பிராயம். எது எது என்று அங்கங்கே தெரியும்.

உணவு வங்கியும் அன்னதானமும் ஒன்றுதானா?

இல்லை. அன்னதானத்தில் சமைத்து இலையில் போடுகிறோம். உணவு வங்கியில் சமைக்காத பொருளைக் கொடுக்கிறோம். அவரவர் வீட்டில் அவரவர் கைப்பக்குவத்தில் சமைத்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாடு 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கியது. அதற்குச் சரியாக நூறு வருஷம் முந்தி, 1867இல், வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பை மூட்டிவிட்டார். நம் பக்கத்துக்குப் பழகியது வடலூர் வழிதான். காசியிலும் ராமேசுவரத்திலும் நகரத்தார் சத்திரம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிநெடுகச் சாப்பாடு என்று பந்தி போட்டே வளர்ந்த ஊர்.

அதனால் என்ன ஆகிறது என்றால், தானம் என்றதும் பந்திக் கணக்குதான் மனதில் வருகிறது: அரிசி மூட்டை, காய்கறி, ஒரு டின் எண்ணெய். ஒரு வீட்டு அடுப்படிக்கு ஒரு மாதத்துக்கு என்று யோசித்தால் பட்டியல் வேறு மாதிரி வரும்.

அரிசி கொடுக்கலாம்தானே? அதுதானே முக்கியம்?

கொடுக்கலாம், யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். ஆனால் முதல் பொருளாக அரிசியை எடுக்காதீர்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.

காரணம் எளியது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷனில் 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மிகவும் ஏழ்மையான குடும்பங்களுக்குத் தருகிற அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. மற்ற அட்டைகளுக்குக் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து. பருப்பும் பாமாயிலும் கிடைக்கின்றன, ஆனால் அட்டைக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கு, பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கு, அவ்வளவுதான். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு என்று வைத்தால் அந்த ஒரு கிலோ பத்து நாளில் தீர்ந்துவிடும். புளி, மிளகாய், மல்லி, கடுகு, சீரகம் எதுவும் ரேஷனில் கிடையாது. இருபது தேதிக்கு மேல் ஒரு வீட்டு அடுப்படியைப் பார்த்தால் அரிசிப் பானையில் அரிசி இருக்கும். பருப்பு டப்பாவும் எண்ணெய்த் தூக்கும் காலியாக இருக்கும். வெறும் சோறும் ரசமும், அப்புறம் வெறும் கஞ்சியும் என்று மாதம் ஓடும்.

புதுவயலில் இத்தனை அரிசி ஆலை இருக்கிற ஊர்க்காரர்களிடம் அரிசி வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். ஆனால் ஒரு மூட்டை அரிசிக்கு ஆகிற பணத்தில் எண்ணெயும் பருப்பும் வாங்கினால் பல வீடுகளுக்கு மாதக் கடைசி வரை குழம்பு கொதிக்கும்.

அரிசி அவசியமான வீடுகளும் உண்டு. அட்டையே இல்லாதவர்கள், அட்டை ஊரில் இருக்க இங்கே கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கிற வெளிமாநிலத்துக் குடும்பங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் வந்துவிட்டது, எந்த ஊரிலும் வாங்கலாம். ஆனால் அந்த அட்டையில் ஊரிலேயே அப்பா அம்மா வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்றால் இங்கே இவர்களுக்கு என்ன மிஞ்சும்? இவர்களுக்காக அரிசி கொடுப்பதாக இருந்தால் புழுங்கல் அரிசி, சாதாரண ரகம் போதும். கருப்புக் கவுனி வேண்டாம். நமக்கு அது விருந்துப் பலகாரம். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அடுப்பில் நெடுநேரம் வேகவைத்து, மேலே சர்க்கரையும் தேங்காயும் போடவேண்டிய பொருளைத் தினச் சோற்றுக்குத் தவிக்கிற வீட்டில் என்ன செய்வார்கள்?

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்களாமே, அதனால்தான் நல்ல அரிசி கொடுக்க நினைத்தோம்…

அது பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தது. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், கழுவும்போது சில மணிகள் மிதக்கும். பொறுக்கி எறிந்தால் சத்துத்தான் போகும். வாட்ஸப்பில் வந்ததை நம்பி அதைக் கோழிக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வேறு என்ன வாங்கிவரலாம்?

எண்ணெய். இதுதான் எப்போதும் பற்றாக்குறை. ஒரு லிட்டர் பாக்கெட் அல்லது பாட்டில், கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எதுவானாலும் சரி. நீல நிறத்தில் ‘+எஃப்’ முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று அர்த்தம், அதையே எடுங்கள். செக்கில் ஆட்டிப் பழைய பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணெய்தான், எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் எப்போது ஆட்டியது, உள்ளே என்ன என்று எழுதாத பாட்டிலை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிற பொறுப்பை எங்களால் ஏற்க முடியாது.

பருப்பு. துவரம்பருப்பை எல்லோரும் கொண்டுவருகிறார்கள், சந்தோஷம். கூடவே பாசிப்பருப்பு கொண்டுவாருங்கள். அது சீக்கிரம் வேகும், ஊறவைக்க வேண்டாம், குக்கர் இல்லாவிட்டாலும் குழையும். காஸ் சிலிண்டரை எண்ணி எண்ணிப் பற்றவைக்கிற வீட்டில் பருப்பு வேகிற நேரமும் செலவுதான். கொண்டைக்கடலை சத்துள்ளது, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நல்லது, ஆனால் தனியாக இருக்கிற எழுபது வயது ஆச்சிக்கு அதைக் கொடுத்தால் ஊறவைத்து வேகவைத்து மெல்லுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அவல், பொட்டுக்கடலை, ரவை. அவலை நனைத்தாலே சாப்பிடலாம், பொட்டுக்கடலையைப் பொடித்துக்கொள்ளலாம்.

நிலக்கடலை. 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. விலைக்கு இவ்வளவு சத்துத் தருகிற பொருள் மளிகைக் கடையில் குறைவு. பார்த்து வாங்குங்கள், சுருங்கினதும் பூஞ்சை பிடித்ததும் வேண்டவே வேண்டாம். கடலையில் வருகிற பூஞ்சை அஃபிளாடாக்சின் என்கிற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுக்கப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

கேழ்வரகு மாவு. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனிலேயே கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு அது இல்லை. கூழும் களியும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. குதிரைவாலி, சாமை கொடுத்தால் பாதிப் பேர் எப்படிச் சமைப்பது என்று திரும்பக் கேட்கிறார்கள்.

அப்புறம் யாருமே கொண்டுவராத பொருள்கள்: உப்பு, புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம். உப்புப் பாக்கெட்டை எடுத்து நீட்டுவதற்குக் கூச்சம் போலிருக்கிறது, விலை குறைவு என்று. தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். அயோடின் சேர்த்த உப்பு, ஒரு கிலோ. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் அந்தக் காசுக்குச் சீரகமும் கடுகும் வாங்கினால் பத்து வீட்டில் தாளிக்கலாம்.

தேயிலைத்தூள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். டீக்கு எதற்கு தானம் என்று ஒருவர் கேட்டார். காலையில் ஒரு டீ இல்லாமல் நமக்கு எத்தனை பேருக்குப் பொழுது விடிகிறது?

எந்த அளவுப் பாக்கெட்?

பருப்பு அரைக் கிலோ அல்லது ஒரு கிலோ. தூள் வகை 100 கிராம். தாளிக்கிற சாமான் 50 கிராம். ஐந்து கிலோப் பையைப் பிரித்து நாங்கள் சிறு பொட்டலம் போட்டால் தேதியும் விவரமும் உள்ள லேபிள் போய்விடுகிறது. பெரிய பை மலிவாகக் கிடைத்தால் எங்களிடம் முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கள் ரேஷன் அட்டைக்கு வருகிற அரிசியை நாங்கள் சமைப்பதில்லை. அதை வாங்கிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். நல்ல எண்ணம்தான், புரிகிறது. ஆனால் ஓரிடத்தில் ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடந்தால் அதிகாரிகள் கண்ணுக்கு அது பதுக்கல். கடத்தல் அரிசி பிடிபட்ட செய்தி வாராவாரம் பேப்பரில் வருகிறது. அந்த வரிசையில் நாங்கள் நிற்க விரும்பவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே தேவையில்லை என்றால் அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

கல்யாணத்துக்கு வாங்கிய மளிகை மிஞ்சிவிட்டது. எடுத்துக்கொள்வீர்களா?

கட்டாயம். எங்களுக்கு வருகிறதில் தரமான சாமான் இதுதான். சமையல்காரர் லிஸ்ட் போடும்போதே கையை நீட்டித்தான் போடுவார். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் இன்னும் தாராளம். முடிந்த மறுநாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், மிஞ்சியதை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) ஒரு மூலையில் கட்டிப் போட்டுவிட்டு எல்லோரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பிவிடுவார்கள். அடுத்த விசேஷத்துக்குக் கதவைத் திறக்கும்போது எலியும் வண்டும் பங்கு போட்டு முடித்திருக்கும்.

மூட்டை பிரிக்காததாக இருந்தால் அப்படியே கொடுங்கள். பிரித்த பருப்பு, ரவை, மைதா என்றால் என்ன பொருள், என்றைக்கு வாங்கியது என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் போடுங்கள். முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவோம். பிரித்த எண்ணெய் டின்னை எடுப்பதில்லை. வாணலியில் ஒருமுறை காய்ந்த எண்ணெயைத் திரும்ப டின்னில் ஊற்றி வைத்திருக்கிறார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சமைத்த சாப்பாடு மிஞ்சினால்?

எங்களிடம் வசதி இல்லை. சமைத்ததைக் கொடுப்பதற்கு விதி தனி: சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டும், சீக்கிரம் போய்ச் சேரவேண்டும். கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் இதற்கென்றே வண்டி வைத்துச் செய்கின்றன. நம் ஊரில் பந்தி முடிந்த கையோடு பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் நடைமுறை. தேங்காய் அரைத்து ஊற்றியதையும் தயிர் சேர்த்ததையும் மத்தியானம் தாண்டிக் கொடுக்காதீர்கள்.

தேதி முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. பரவாயில்லையா?

நம் வீட்டில் நாம் முகர்ந்து பார்த்துச் சமைத்துவிடுவோம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இங்கே முடியாது. மிகுதி உணவைப் பகிர்வது பற்றி 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதிமுறைப்படி, காலாவதியானதை அமைப்புகள் விநியோகிக்கக் கூடாது. பாக்கெட்டில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று இருந்தால் அது தரம் நன்றாக இருக்கிற காலம், ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ என்று இருந்தால் அதற்குமேல் சாப்பிடவே கூடாது. சட்டம் அப்படி. எங்கள் வழக்கம் இன்னும் கொஞ்சம் கடுமை: நாங்கள் வாங்குகிற நாளிலிருந்து இரண்டு மாதமாவது இருக்கவேண்டும். பை கட்டி, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்து, அவர்கள் சமைத்து முடிக்க அவ்வளவு நாள் தேவை.

லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பருப்பில் லேசாக வண்டு. வெயிலில் காயவைத்துக் கொடுக்கட்டுமா?

காயவைத்து நீங்களே சாப்பிடுங்கள். வாங்குகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால் பவுடர் டப்பா வாங்கித் தரலாமா?

கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கிற பால் பவுடர், பால் புட்டி, குழந்தைகளுக்கான டப்பா உணவு ஆகியவற்றை யாரும் யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அநாதை இல்லத்துக்கு மட்டும் விலக்கு. காரணம் நியாயமானது. இலவச டப்பா இரண்டு மாதம் வரும், அதற்குள் தாய்ப்பால் வற்றிவிடும், அப்புறம் விலைக்கு வாங்க முடியாமல் பவுடரைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பார்கள். தண்ணீரும் சுத்தமாக இல்லாவிட்டால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அந்த வீட்டுக்கு உதவ நினைத்தால் தாய்க்குச் சாப்பாடு கொடுங்கள்: பருப்பு, கடலை, எண்ணெய், பூண்டு, வெந்தயம்.

வீட்டில் செய்த பலகாரம், ஊறுகாய், அரைத்த சாம்பார்ப் பொடி?

முறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் ஆச்சிமார் கையால் செய்து எடுத்துவரும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆனாலும் பையில் போடுவதில்லை. தீபாவளி வாரத்தில் மட்டும், அன்று செய்ததை அன்றே பகிர்கிற மாதிரி முன்கூட்டிப் பேசிவைத்துச் செய்கிறோம். பொடிக்குப் பதில் முழு மிளகாயும் மல்லியும் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். மாசி, பங்குனி, சித்திரையில் புதுப் புளியும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் சந்தைக்கு வரும்போது வருஷத்துக்கு வாங்கிக் காயவைக்கிறீர்கள் அல்லவா, அதில் ஒரு கிலோ எங்கள் கணக்கில் சேர்த்து வாங்கிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் விலையும் அடங்கி இருக்கும்.

மலேசியாவிலிருந்து வந்த உறவினர் நிறைய சாமான் கொண்டுவந்தார்கள்…

ஓட்ஸ், மைலோ, பிஸ்கட் நன்றாகப் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் லேபிள் இருந்தால் எடுப்பதில்லை. ஒரு வீட்டார் மாடு சாப்பிடமாட்டார்கள், இன்னொரு வீட்டார் பன்றி சாப்பிடமாட்டார்கள், சிலர் முட்டைகூடத் தொடமாட்டார்கள். ஆலிவ் எண்ணெய் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

கருவாடு?

கேட்கிற வீடுகள் நிறைய, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் எங்கள் அறையில் வைத்தால் ஒரே ராத்திரியில் தேயிலையும் ரவையும் தொண்டிக் கடற்கரை வாசம் அடிக்கும், பூனை வேறு. தெரிந்த வீட்டுக்கு நேரில் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு?

வயதானவர்கள் வீட்டுப் பை என்றால் சீனி, வெல்லம், அப்பளம், ஊறுகாய் குறைத்து, பருப்பும் கடலையும் கூட்டிப் போடுகிறோம். சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று வாங்கிவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சர்க்கரை வியாதிக்கு இரண்டும் ஒன்றுதான்.

எந்த மாதத்தில் கொடுத்தால் அதிகம் பயன்படும்?

தைப்பூசம், புரட்டாசி, தீபாவளி ஆகிய நேரங்களில் தானாகவே வந்து குவியும். காய்ந்து கிடப்பது மே மாதம். அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி கிடைக்கிறது, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. மத்தியானம் சத்துணவு, முட்டையோடு. கோடை விடுமுறை விட்டதும் இரண்டும் நின்றுவிடும். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் திடீரென்று ஒரு நாளைக்கு நாலு வேளைச் சாப்பாட்டுச் செலவு கூடுதலாக வந்து நிற்கும். சித்திரை பிறந்ததும் கடலை, அவல், கேழ்வரகு மாவு, பாசிப்பருப்பு கொண்டுவாருங்கள். அடுத்தது ஐப்பசி, கார்த்திகை: அடைமழையில் கட்டட வேலையும் கூலி வேலையும் நின்றுபோகும்.

பொருளுக்குப் பதில் பணம் கொடுத்தால்?

எனக்குப் பிடித்தது பணம்தான். மொத்த விலைக்கு வாங்கலாம், எது குறைகிறதோ அதை வாங்கலாம். வருமான வரிக் கழிவு எதிர்பார்க்கிறவர்கள் கவனிக்க: பொருளாகக் கொடுப்பதற்குக் கழிவு கிடையாது, பணமாகக் கொடுத்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது, வங்கி வழியாகக் கொடுக்கவேண்டும், வாங்குகிற அமைப்புக்கும் அதற்கான அங்கீகாரம் இருக்கவேண்டும். ஆனால் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய், அவர்கள் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறவர்களைப் பணம் கொடுங்கள் என்று தடுக்கமாட்டேன்.

பெரிய பெரிய வீட்டுக்காரர்கள்கூட வாங்குகிறார்களாமே?

ஆமாம், ஓரிருவர். முகப்பில் தேக்குத் தூணும் உள்ளே ஆத்தங்குடிக் கல்லும் இருக்கும்; வீடு பதினாறு பங்காளிகள் பெயரில் இருக்கும், விற்கவும் முடியாது. அதில் ஒரு அறையில் இருக்கிற முதியவருக்கு மாத்திரை வாங்கினால் மளிகைக்குப் பணம் இருக்காது. வீட்டு அகலத்தை அளந்து நாங்கள் பை கொடுப்பதில்லை. யார் யார் என்று கேட்டாலும் சொல்லமாட்டோம்.

பாக்கெட்டின்மேல் ‘இன்னார் உபயம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பிறந்தநாள், நினைவுநாள் என்று கொடுக்கிறவர்கள் ஆசைப்படுகிறார்கள். சேகரிப்பு அறையில் பலகையில் பெயர் எழுதிவைக்கிறோம். வீட்டுக்குப் போகிற பொருளில் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில் படும். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் நாங்கள் உரித்துக்கொள்வோம், தேதியின்மேல் மட்டும் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது அச்சும் சேர்ந்து வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், மஞ்சப்பையில் கொண்டுவாருங்கள். அந்தப் பையிலேயே போட்டு அனுப்புவோம்.